நாற்பத்துநான்காம் எண் சட்டை

பிறத்தியார் பெற்ற பிள்ளைகளை உற்றுப் பார்த்துக் குறை சொல்வது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக அதற்குச் சம்பளம் வாங்குகிறேன். இடுப்பு வளைகிறதா, கை எத்தனை அங்குலம், முட்டி எந்த வயதில் உடைந்தது, தோற்ற அன்று பேருந்தில் தூங்கினானா அழுதானா, எல்லாவற்றையும் விசாரித்து எழுதுவேன். பெண் கொடுக்கிறவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்.

என் பெயர் ஆரின் டெஸ்மர். டோலிடோ ஹெரான்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கல்லூரிகளில் ஆள் தேடுகிறவன். அயோவா, மின்னசோட்டா, இரண்டு டகோட்டாக்கள் என் பங்குக்கு விழுந்தவை. அதிலும் துரத்துகிறவர்களைப் பார்ப்பதில் எனக்கு ஒரு கண் உண்டு என்று பேர் வாங்கியிருந்தேன். எதிரணியின் குவாட்டர்பேக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு எறியலாம் என்று யோசிப்பது இரண்டரை நொடி. அதற்குள் முன்னால் நிற்கிற முந்நூறு பவுண்டு தடுப்பாளனைத் தாண்டிப் போய்க் குவாட்டர்பேக்கைத் தரையில் சாய்க்கிறவன்தான் துரத்துகிறவன். அப்படி ஒருவனைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும். அவன் சொதப்பினால் அதே ஊர் நம் தலையைக் கேட்கும்.

என் தலையை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கைகாட்டிய மூன்று பேர் வரிசையாகச் சொதப்பியிருந்தார்கள். கடைசியாக வந்தவன் இப்போது ஒமாஹாவில் இன்சூரன்ஸ் விற்கிறான். எனக்கே ஒரு பாலிசியைத் தள்ளிவிட்டான். அந்தச் சுறுசுறுப்பில் பாதியை மைதானத்தில் காட்டியிருந்தால் நான் இப்படிப் புலம்பவேண்டியிருக்காது.

போன டிசம்பர் கூட்டத்துக்கு முன்னால் எங்கள் பொது மேலாளர் லவெல் பிரிட்சர்ட் என்னைத் தனியாக அழைத்தார். ஆறடி நாலங்குலம், ஒரு காலத்தில் அவரே நல்ல துரத்துகிறவர். கோபம் வந்தால் மற்றவர்கள் குரலை உயர்த்துவார்கள், அவர் இறக்குவார். அன்று பாதி காதில் விழவில்லை.

"டெஸ், ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. மே மாசம் உன் ஒப்பந்தம் முடியுது."

"தெரியும் பாஸ்."

"இந்த வருஷம் உன் பேர்ல ஒரே ஒரு ஆளு. நீ கைகாட்டுறவன் தேறுவான்னு எனக்கு நம்பிக்கை வந்தா நீ இருப்ப. வரலேன்னா உங்க அண்ணன் கடைக்குப் போயி தூண்டில் வித்துட்டிரு."

"அண்ணன் கடைய மூடிட்டான் பாஸ்."

"அப்ப இன்னும் யோசிச்சுக் கைகாட்டு."

இந்த மிரட்டல் எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. காரணம், என் பைக்குள் நாற்பத்துநான்கு இருந்தான்.

அவனை நான் தேடிப் போகவில்லை. நவம்பர் கடைசியில், சீசன் முடிந்த பிறகு, ஒரு தடுப்பாளனின் ஆட்டப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வாட்டசாட்டமான பையன். அவனை எதிரே நின்ற ஒரு நாற்பத்துநான்காம் எண்காரன் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தான். தடுப்பாளனை ஓரங்கட்டிவிட்டு நேரே நாற்பத்துநான்கைப் பார்க்க ஆரம்பித்தேன். வடக்கு அயோவாவில் ஹாலிங் என்றொரு சின்னக் கல்லூரி. எழுநூறு மாணவர்கள், ஒரு தேவாலயம், சுற்றிலும் சோளக்காடு. பெயர்ப் பட்டியலில் நாற்பத்துநான்கு, எமெட் ஸ்டோல் என்று இருந்தது. இன்னும் நான்கு ஆட்டங்களின் பதிவை வரவழைத்தேன். ஏதோ சாரத்தின் மேல் ஏறி நின்று, குளிரில் நடுங்கிக்கொண்டே யாரோ எடுத்த படம். முகம் தெரியாது, தலைக்கவசமும் எண்ணும்தான் தெரியும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த ஐந்து ஆட்டங்களைப் பார்த்துவிட்டு நான் எழுதிய அறிக்கை இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. மறைக்க முடியாது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் அவன் வலது கையைத் தரையில் ஊன்றி நின்றான், அக்டோபரில் இடது கையை. 'இரண்டு பக்கமும் ஆடும் அபூர்வத் திறமை' என்று எழுதினேன். நவம்பரில் இருபது பவுண்டு கூடியிருந்தான். 'எடை ஏறினாலும் வேகம் குறையாத உடல்வாகு' என்று எழுதினேன். ஒரு ஆட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு போனான், இன்னொன்றில் ஓரமாக வளைந்து போனான், மற்றொன்றில் புறப்பட்ட வேகத்திலேயே தடுப்பாளனைத் திகைக்க வைத்தான். 'வாரம் ஒரு புது வித்தை கற்கிறான்' என்று எழுதினேன். காதல் வந்தவனுக்கு மூளை வேலை செய்யாது என்பார்களே, அது ஐம்பத்தெட்டு வயதிலும் அப்படித்தான்.

கூட்டத்தில் அறிக்கையை வாசித்து முடித்தபோது ஒருவர் மட்டும் தலையாட்டவில்லை. நடீன் கோவாச். மற்றவர்கள் எழுதுவதைச் சரிபார்ப்பது அவள் வேலை. பதினேழு வருடமாக என் அறிக்கைகளில் ஓட்டை தேடுகிறாள், பதினேழு வருடமாகக் கண்டுபிடிக்கிறாள்.

"வேகம், பலம், வளைவு, மூணும் ஒரே ஆளுகிட்டயா?" என்றாள். "அப்படி ஒருத்தன் அயோவா சோளக்காட்டுல இருந்தா இத்தன நாளு யாரும் பாக்காம விட்டிருப்பாங்களா? எனக்கென்னவோ ரெண்டு மூணு பேர நீ கலந்து பாத்த மாதிரி இருக்கு டெஸ்மர்."

"கண்ணாடி போட்டுட்டுப் பாரு," என்றேன். "சட்டை முதுகப் பாரு. தோள்ல இருந்து எண் வரைக்கும் வெள்ளை நூல்ல ஒரு தையல் இருக்கா? அஞ்சு ஆட்டத்துலயும் அதே தையல் இருக்கா? ஒரே ஆளுதான். வசதி இல்லாத பையன், கிழிஞ்ச சட்டையத் தச்சுப் போட்டுக்கறான். எனக்கு அதுவும் பிடிச்சிருக்கு."

திரையை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். தையல் இருந்தது. ஐந்திலும் இருந்தது. நடீன் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடவைத்தது அதுதான் முதல் தடவை என்பதால் அன்று மதியம் நானே எல்லோருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தேன்.

பிரிட்சர்ட் கேட்டது ஒன்றே ஒன்று. "கை?"

அவருக்குக் கைதான் எல்லாம். துரத்துகிறவனின் கை நீளமாக இருந்தால்தான் தடுப்பாளன் பிடிக்குமுன் இவன் அவனைத் தள்ளிப் பிடிக்க முடியும் என்பது அவர் வேதம். முப்பத்துமூன்று அங்குலத்துக்குக் குறைந்த கைக்காரனைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் காபி ஊற்றிக்கொள்ள எழுந்து போய்விடுவார். பேச்சு முடிந்த பிறகுதான் திரும்பி வருவார்.

"இன்னும் அளக்கல பாஸ். மார்ச்ல நேர்ல போறேன்."

"நடீனையும் கூட்டிட்டுப் போ," என்று சொல்லி, எமெட் ஸ்டோல் பெயர் எழுதிய அட்டையை எடுத்துப் பலகையில் மூன்றாம் சுற்று வரிசையில் ஒட்டினார். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைபோட்டுப் பொறுக்கிக்கொள்ளும் ஏழு சுற்றுத் தேர்வில் மூன்றாவது. நான் கைகாட்டிய யாரும் இத்தனை மேலே ஏறியதில்லை.

மார்ச் மாதம் ஹாலிங்குக்குப் போனோம். வழியெல்லாம் பாதி உருகிய பனியும் சேறும். கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர் வெர்ன் ஹாகன் எங்களை வரவேற்றார். எழுபது வயதுக்காரர், பேசுவதைவிடச் சிரிப்பது அதிகம். ஒரு பெரிய அணியிலிருந்து ஆள் வந்திருப்பதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் மனைவி ஒரு தட்டு நிறையக் கறி வேகவைத்து மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி எடுத்து வந்திருந்தார்.

கடைசி வருட ஆட்டக்காரர்கள் ஏழு பேர் அரைக்கால் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். நான் கேமராவைப் பொருத்தி வைத்தேன். என் கண்ணுக்கு ஒரே ஒருவன்தான் வேண்டும். நடுவில் அகலத் தோளோடு ஒருவன் நின்று மறைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கொஞ்சம் நவுரு, மறைக்குது," என்றேன்.

"சாரி சார்," என்று நகர்ந்துகொண்டான்.

அவனுக்குப் பின்னால் எமெட் ஸ்டோல் நின்றான். தங்கமான முகம். கால்நடை மருத்துவம் படிக்கப்போகிறானாம். நாற்பது கெஜம் ஓடச் சொன்னேன். ஓடினான். நடீன் தன் கடிகாரத்தை என் மூக்கருகில் கொண்டுவந்து காட்டினாள். ஐந்து நொடி, இருபது. துரத்துகிறவனுக்கு அது ஆமை வேகம். என் கடிகாரமும் அதையே சொன்னது. இன்னொரு தடவை ஓடச் சொன்னேன். இருபத்துமூன்று.

வளைந்து ஓடும் சோதனையில் அந்த நல்ல பையன் மூன்று கூம்புகளில் இரண்டைக் கீழே தள்ளினான்.

பயிற்சியாளரை ஓரமாக இழுத்துப் போனேன்.

"கோச், எமெட்டுக்கு உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தானே இருக்கான். காலையில ரெண்டு தட்டு பான்கேக் தின்னான்."

"இல்ல, நவம்பர்ல அந்தக் கடைசி ஆட்டத்துல அப்படி வளைஞ்சு வளைஞ்சு போனானே."

"கடைசி ஆட்டமா?" ஹாகன் யோசித்தார். "அது எமெட் இல்லீங்களே. அது அந்த ஓரமா நிக்கிறான் பாருங்க, செவப்புத் தலைமுடிக்காரன், அவன்."

"நாப்பத்துநாலாம் நம்பர் கோச்."

"ஆமா, நாப்பத்துநாலுதான். அந்த வாரம் அவன் போட்டிருந்தான்."

நடீன் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

ஹாகன் சந்தோஷமாக விளக்கினார். பல வருடங்களுக்கு முன்னால் அங்கே நாற்பத்துநான்காம் எண்ணில் ஒருவன் ஆடினான். நான்கு வருடத்தில் ஒருநாள்கூடப் பயிற்சிக்கு மட்டம் போட்டதில்லை, ஒரு குவாட்டர்பேக்கையும் சாய்த்ததில்லை. அவன் போன பிறகு அந்தச் சட்டையை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் துரத்தும் வரிசைக்காரர்கள் வோட்டுப் போடுவார்கள். அந்த வாரம் பயிற்சியில் யார் அதிகம் உழைத்தானோ அவனுக்குச் சனிக்கிழமை அந்தச் சட்டை. இருப்பது ஒரே சட்டை. துவைத்துத் துவைத்துப் போடுகிறார்கள்.

"அச்சடிச்ச தாள்ல எமெட் பேரு இருக்கே," என்றேன்.

"யாரு பேராவது போடணுமே. மொத வாரம் அவன் போட்டிருந்தான்."

நான் பார்த்தது ஐந்து ஆட்டம், நான்கு பையன்கள். ஒருவன் வலது கைக்காரன், ஒருவன் இடது கைக்காரன், ஒருவன் இருபது பவுண்டு அதிகம். நான் மூன்று மாதமாக உருகியது ஒரு சட்டையைப் பார்த்து. வேலை போனதாகவே நினைத்துக்கொண்டேன். பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

"சிரிக்கணும்னா சிரிச்சுக்க," என்று நடீனிடம் சொன்னேன்.

"சிரிப்பு அப்புறம் வெச்சுக்கலாம்," என்றாள். அவள் நெற்றி சுருங்கியிருந்தது. "டெஸ்மர், நாலு பேரும் எமெட் மாதிரி சுமாரான ஆளுங்கன்னு வெச்சுக்குவோம். சரியா? அப்ப நாலு பேரும் அந்தச் சட்டையப் போட்டா மட்டும் எப்படி நல்லா ஆடுனாங்க?"

அவள் ஹாகன் பக்கம் திரும்பினாள். "கோச், யாரு ஜெயிச்சது அதிகம்? வோட்டுல."

"நெசத்தச் சொன்னா, மூணு வருஷமா எல்லா வாரமும் ஜெயிக்கிறது ஒருத்தன்தான். சைலஸ் ப்ரோக். ஆனா அவன் போடமாட்டான். யாருக்குக் குடுக்கணுமோ கைகாட்டிருவான். டேய் சைலஸ், இங்க வா."

நான் நகரச் சொன்ன பையன் வந்து நின்றான்.

கதவு அளவுக்குத் தோள். அவன் எண் தொண்ணூறு. ஆட்டத்தில் நாற்பத்துநான்குக்கு அடுத்து நிற்பவன். ஐந்து ஆட்டத்திலும் அவன் என் கண்ணெதிரேதான் இருந்தான், நான் ஒரு தடவைகூட அவனைப் பார்க்கவில்லை.

"ஏன் தம்பி நீ அந்தச் சட்டையப் போடுறதில்ல?"

"பத்தாது சார். மொத வருஷம் ஒருக்கா போட்டேன். ரெண்டாவது குவாட்டர்ல முதுகோட கிழிஞ்சிருச்சு. கோச்சோட வீட்டம்மாதான் தச்சுக் குடுத்தாங்க, வெள்ளை நூலுதான் இருந்துச்சு. மறுபடி கிழிச்சா கொன்னே போடுவேன்னாங்க."

தட்டோடு நின்ற ஹாகனின் மனைவி, "இப்பவும் அதேதான் சொல்றேன்," என்றார்.

சாப்பிட்டுவிட்டு, நடீனும் நானும் ஹாகனின் அறையில் உட்கார்ந்து அதே ஐந்து ஆட்டங்களை மறுபடி போட்டோம். இந்தத் தடவை தொண்ணூறை மட்டும் பார்த்தோம். ஒவ்வொரு முறை பந்து புறப்படும்போதும் இரண்டு தடுப்பாளர்கள் அவன்மேல் விழுந்தார்கள். சில சமயம் மூன்று பேர். அவனைக் கண்டு அவ்வளவு பயம். அதனால் பக்கத்தில் நிற்கிற நாற்பத்துநான்குக்கு, அது எந்த வாரத்து நாற்பத்துநான்காக இருந்தாலும், வழி திறந்தே கிடந்தது. அந்த வழியில் என் பாட்டி போயிருந்தாலும் குவாட்டர்பேக் விழுந்திருப்பான். சீசன் முழுக்கத் தொண்ணூறின் பெயரில் பதிவானது இரண்டே இரண்டு சாய்ப்பு. பட்டியலைப் பார்ப்பவன் யாரும் அவனுக்காக வண்டியை நிறுத்தமாட்டான். நானும் நிறுத்தியிருக்கமாட்டேன்.

"ஒத்த ஆளு இவன மறிச்சது எத்தன தடவன்னு எண்ணு," என்றாள் நடீன்.

எண்ணினோம். ஐந்து ஆட்டத்தில் பதினொரு தடவை. அந்தப் பதினொன்றில் ஒன்பது தடவை குவாட்டர்பேக் விழுந்தான், இல்லையென்றால் பந்தைக் கண்ட பக்கம் எறிந்துவிட்டு ஓடினான். விழ வைத்த புண்ணியத்தைப் பாதி நேரம் யாரோ ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள்.

எழுந்து போய் சைலஸை ஓடவிட்டேன், வளையவிட்டேன், தள்ளவிட்டேன். முதல் பத்து கெஜத்தில் அவன் புறப்பட்ட வேகத்துக்கு எமெட் கைதட்டினான். கடைசியாகக் கையை அளந்தேன். முப்பத்தொன்றரை அங்குலம்.

மறுபடி அளந்தேன்.

"டேப்ப இழுத்தா கை நீளாது," என்றாள் நடீன்.

திரும்பி வரும்போது அவள் ஓட்டினாள். ஏழெட்டு மைல் கடந்தோம். பிறகு அவள் ஆரம்பித்தாள்.

"நான் வாயத் திறக்கமாட்டேன். நீ வேணும்னா எமெட்டுக்கு முட்டியில பிரச்சினைன்னு எழுதி மெதுவா ஏழாவது சுத்துக்கு இறக்கிக்கலாம். யாருக்கும் தெரியாது. மானம் மிச்சம்."

"சைலஸ் பத்தி?"

"கை முப்பத்தொண்ணரை. அந்த ஆளப் பத்தி நீ பேசணும்னா மொதல்ல சட்டைக் கதையச் சொல்லியாகணும். சொல்லாட்டி அந்தப் பதினொண்ணும் யாருக்கும் புரியாது. சொன்னா உன்ன வெச்சுப் பத்து வருஷத்துக்குச் சிரிப்பாங்க. அதுக்கப்புறம் நீ கைகாட்டுறத யாரு நம்புவா?"

"நீ சிரிக்கலயே இன்னும்."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். 'வசதி இல்லாத பையன்,' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பின்னால் வந்த ஒரு டிராக்டர்காரர் இறங்கிவந்து உதவி வேண்டுமா என்று கேட்டுப் போனார்.

ஏப்ரல் கடைசிக் கூட்டம். பதினான்கு பேர், சுவர் முழுக்கப் பெயர் அட்டைகள். என் முறை வந்தது. எழுதி வைத்திருந்ததை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"பாஸ், எமெட் ஸ்டோல் அட்டைய எடுத்துருங்க."

"முட்டியா?"

"இல்ல பாஸ். அப்படி ஒரு ஆட்டக்காரன் கிடையாது."

ஒன்று விடாமல் சொன்னேன். வியாழக்கிழமை வோட்டு, இடது கை, வலது கை, இருபது பவுண்டு, வெள்ளை நூல். முதலில் யாரோ ஒருவர் இருமினார். பிறகு அறையே வெடித்தது. ஒருவர் மேசைமேல் கவிழ்ந்துவிட்டார். பிரிட்சர்ட் மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப நாலு மாசமா மூணாவது சுத்துல நான் யார வெச்சிருந்தேன்?" அவர் குரல் அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

"ஒரு சட்டைய, பாஸ்."

மறுபடி வெடித்தது. அது அடங்கும்வரை காத்திருந்தேன். "ஆனா அந்தச் சட்டையக் கிழிச்சவன் ஒருத்தன் இருக்கான். சைலஸ் ப்ரோக். தொண்ணூறாம் நம்பர். அவனப் பத்தித்தான் நான் பேசணும்."

"கை?"

"முப்பத்தொண்ணரை."

பிரிட்சர்ட் எழுந்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். இந்த அறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவனுக்கு அந்த நடைக்கு அர்த்தம் தெரியும். நான் பேச்சை நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. அவர் முதுகைப் பார்த்தே பேசினேன்.

"நீங்க ஆடுன காலத்துல உங்க மேல ரெண்டு பேரு விழுந்தா உங்களுக்கு எப்படி இருக்கும் பாஸ்? இவன் மேல வருஷம் பூரா ரெண்டு பேரு விழுந்தாங்க. அவனால நாலு பேரு நல்லா ஆடுனாங்க. அந்த நாலு பேரப் பாத்து ஏமாந்தவன் நான். ஒத்தக்கு ஒத்த நின்னது பதினோரு தடவ. அதப் பாத்துட்டு அப்புறம் காபிக்குப் போங்க."

நான் நடீனிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே விளக்கை அணைத்துப் பதிவைப் போட்டாள். பதினொன்றும் ஓட ஒன்றரை நிமிடம். பிரிட்சர்ட் கதவருகில் காலிக் கோப்பையோடு நின்று பார்த்தார். ஐந்தாவதில் தலையைச் சாய்த்தார். எட்டாவதில் சைலஸ் ஒரு தடுப்பாளனின் அக்குளுக்குள் தோளைக் கொடுத்து அவனை அப்படியே குவாட்டர்பேக்கின் மடியில் உட்கார வைத்தான். அப்போது பிரிட்சர்டின் இடது தோள் கொஞ்சம் அசைந்தது. தானாக அசைந்தது.

முடிந்ததும் கோப்பையை மேசையில் வைத்தார்.

"இன்னொரு தடவ போடு," என்றார்.

தேர்வு நாளில் ஆறு சுற்றுகள் வரை அவன் பெயர் எந்த அணியின் வாயிலும் வரவில்லை. ஏழாவது சுற்றில், முடிய ஒன்பது பெயர்கள் இருக்கும்போது, பிரிட்சர்ட் அட்டையை எடுத்து, பெயரை அனுப்புகிற மேசைக்காரரிடம் நீட்டினார். பையனைக் கூப்பிடும் வேலை எனக்கு வந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது பின்னால் மாடுகள் கத்தின.

"சைலஸ், நான் டோலிடோல இருந்து ஆரின் டெஸ்மர் பேசுறேன்."

"யாரு சார்?" என்று கொஞ்சம் யோசித்தான். "ஓ, நவுரச் சொன்னீங்களே, அந்த சாரா?"

"அதே சார்தான். இங்க வந்து நில்லு, நவுராத," என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மாடுகள் மட்டும்தான் பேசின. பிறகு யாரோ ஒரு பெண்மணி அழுகிற சத்தமும், வாளி ஒன்று உருளுகிற சத்தமும் கேட்டன. அவன் மூன்று முறை நன்றி சொன்னான்.

அதோடு என் கதை முடிந்துவிடவில்லை. தேர்வு முடிந்த மறு செவ்வாய்தான் எங்களுக்கெல்லாம் பலி நாள். ஒப்பந்தம் நீட்டப்படாதவர்கள் வருகிறபோதே மேசை துடைத்துக் காலியாக இருக்கும், சாமான்கள் வரவேற்பறையில் காத்திருக்கும். கேட்கவும் முடியாது, சொல்லவும் மாட்டார்கள். ஏழாவது சுற்றுப் பையன் தேறுகிறானா என்பது ஆகஸ்டில்தான் தெரியும். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பிரிட்சர்ட் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மானம் கெட்டுப் பெட்டி தேடவேண்டாம் என்று மளிகைக் கடையிலிருந்து ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டியை வாங்கிக் கையிலேயே கொண்டுபோனேன். வண்டி நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த வேலை இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

உள்ளே போனேன். வரவேற்பறையில் யாருடைய சாமானும் இல்லை. எங்கள் கூடத்தில் எல்லோரும் தலையைக் கவிழ்த்து எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதுகிற பழக்கமே இல்லாதவர்களும் எழுதினார்கள்.

என் மேசையில் என் காகிதங்கள் அப்படியே கிடந்தன. என் நாற்காலியின் முதுகில் ஹெரான்ஸ் நிறத்தில் ஒரு சட்டை மாட்டியிருந்தது. எண் நாற்பத்துநான்கு. தோளிலிருந்து எண் வரைக்கும் வெள்ளை நூலில் கோணல்மாணலாக ஒரு தையல். நடீனுக்குத் தைக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வியாழக்கிழமை வியாழக்கிழமை வோட்டு," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த வாரம் யாரு பெரிசா கோட்டை விட்டாங்களோ அவங்க நாற்காலியில. மொத வோட்டுலயே ஏகமனசா ஜெயிச்சுட்ட."

பிரிட்சர்ட் காபிக் கோப்பையோடு கூடத்தைக் கடந்து போனார். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் டகோட்டா போற," என்றார். "சட்டையப் பாக்காம ஆளப் பாரு."

பெட்டியை மிதித்துத் தட்டையாக்கிக் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் செருகினேன். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். வயிற்றருகில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, ஆனால் கிழியவில்லை.